செல்லுக்குள் இறங்கிப் பார்க்க: இணையத்தில் செய்து கற்கும் செல் உயிரியல், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளஸ் ஒன், பிளஸ் டூ உயிரியல் மாணவர்களும் கல்லூரி முதலாண்டுக்காரர்களும் அவர்களுடைய பெற்றோரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவை இவை. சக ஆசிரியர்கள் கேட்ட சிலவும் உண்டு. வகுப்பில் பயன்படுத்திப் பார்த்த பயிற்சிகளை மட்டும் வைத்துப் பதில் சொல்கிறேன்.

வீடியோ பார்ப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

வீடியோ நாம் கவனித்தாலும் ஓடும், கண்ணயர்ந்தாலும் ஓடும். நான் சொல்லும் பயிற்சிகளில் நீங்கள் கை வைக்கும்வரை ஒன்றும் நடக்காது. டிஎன்ஏவைப் படித்து ஆர்என்ஏ நகல் எடுக்கும் நொதியான ஆர்என்ஏ பாலிமரேஸை நீங்கள்தான் இழுத்துவந்து டிஎன்ஏ மேல் விட வேண்டும். தவறான இடத்தில் விட்டால் அது நிற்காமல் விலகிப் போகும். ஏன் போனது என்ற கேள்வி அப்போது தானாக வரும்.

2014இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. அறிவியல், பொறியியல், கணித வகுப்புகளைப் பற்றிய 225 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். உட்கார்ந்து கேட்பது மட்டுமே நடந்த வகுப்புகளில் தேர்வில் தோற்கும் வாய்ப்பு, மாணவர்களை ஏதாவது செய்யவைத்த வகுப்புகளைவிட ஒன்றரை மடங்கு இருந்தது. அது கணினிப் பயிற்சிகளைப் பற்றி மட்டும் எடுத்த ஆய்வு அல்ல. ஆனாலும் என் வகுப்பில் நான் காண்பதும் அதுதான்.

அப்படியானால் பட்டனைத் தட்டிக்கொண்டே போனால் புரிந்துவிடுமா?

புரியாது. இந்தப் பக்கம் முழுவதிலும் நான் வலியுறுத்த விரும்புவது ஒன்றே ஒன்றுதான்: தட்டுவதற்கு முன்னால், என்ன நடக்கும் என்று நோட்டில் எழுதுங்கள். மனதுக்குள் நினைத்தால் போதாது. பேனாவால் எழுத வேண்டும்.

டிஎன்ஏ துண்டுகளை மின்சாரத்தால் ஒரு ஜெல் வழியே ஓடவிட்டுப் பிரிக்கும் ஜெல் எலக்ட்ரோபோரெசிஸ் பயிற்சியில் இதை நேராகப் பார்த்தேன். பெரிய டிஎன்ஏ துண்டு, சிறிய துண்டு இரண்டில் எது அதிக தூரம் ஓடும் என்று கேட்டேன். வகுப்பில் பாதிப் பேர் "பெரியது, ஏனென்றால் அதில் மின்னூட்டம் அதிகம்" என்று எழுதினார்கள். நல்ல காரணம்தான். ஆனால் திரையில் சிறியது முந்திக்கொண்டு ஓடியது. உடனே ஒரு மாணவி, "சார், நீளத்துக்கு ஏற்றபடி மின்னூட்டமும் கூடுகிறது, இழுவிசையும் கூடுகிறது. அப்போ தடுப்பது அந்த ஜெல்தானா?" என்றாள். ஆமாம், ஜெல் ஒரு வலை. நீளமான துண்டு அதன் கண்களில் சிக்கித் திணறும், சிறியது நுழைந்து போய்விடும். அவள் முதலில் எழுதியது தப்பு என்பதால்தான் அந்தக் கேள்வி பிறந்தது. எழுதாமல் பார்த்திருந்தால், "எனக்கு இது முன்பே தெரியும்" என்று எல்லோரும் தலையாட்டியிருப்பார்கள்.

எதைக் கொண்டு தொடங்குவது?

அளவைக் கொண்டு. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகம் நடத்தும் லேர்ன் ஜெனிடிக்ஸ் தளத்தில் செல்லின் அளவைக் காட்டும் ஒரு ஸ்லைடர் இருக்கிறது. ஒரு காபிக்கொட்டையில் தொடங்கும். நகர்த்த நகர்த்த அரிசி, எள், உப்பு, தோல் செல், சிவப்பணு, பாக்டீரியா, வைரஸ், ரைபோசோம் என்று இறங்கி ஒரு கார்பன் அணுவில் முடியும். இரண்டே நிமிடத்தில் நகர்த்தி முடித்துவிடலாம், ஆனால் அப்படி முடிக்க வேண்டாம்.

அங்கே கொடுத்திருக்கும் எண்களைக் குறித்துக்கொண்டு ஒரு கணக்குப் போடுங்கள். எள் 3 மில்லிமீட்டர், ரைபோசோம் ஏறக்குறைய 30 நானோமீட்டர். ரைபோசோமை எள்ளளவுக்குப் பெரிதாக்கினால் எல்லாவற்றையும் ஒரு லட்சம் மடங்கு பெருக்க வேண்டும். அப்போது 3 மைக்ரோமீட்டர் நீளமுள்ள ஈ.கோலை பாக்டீரியா 30 சென்டிமீட்டர், நம் அடிஸ்கேல் நீளம். 8 மைக்ரோமீட்டர் சிவப்பணு 80 சென்டிமீட்டர், ஒரு சின்ன மேசை. 30 மைக்ரோமீட்டர் தோல் செல் 3 மீட்டர், ஒரு படுக்கையறை.

இப்போது டிஎன்ஏவுக்கு வாருங்கள். அதன் தடிமன் 2 நானோமீட்டர், ஒரு லட்சம் மடங்கில் 0.2 மில்லிமீட்டர். தையல் நூல் மாதிரி. ஒரு மனிதச் செல்லில் இருக்கும் டிஎன்ஏ மொத்த நீளம் ஏறக்குறைய 2 மீட்டர், அது 200 கிலோமீட்டர் ஆகிவிடும். மதுரையிலிருந்து கோவை வரை நீளும் தையல் நூலை 46 துண்டாக வெட்டி, ஒரு படுக்கையறைக்குள் இருக்கும் பெரிய பந்து ஒன்றில், அதாவது உட்கருவில், அடைத்து, வேண்டிய வரியை வேண்டிய நேரத்தில் எடுத்துப் படிக்கவும் வேண்டும். டிஎன்ஏ எப்படிச் சுருட்டி அடைக்கப்படுகிறது என்று சொல்லும் குரோமாட்டின், ஹிஸ்டோன் பாடங்கள் எதற்கு என்று இந்தக் கணக்கைப் போட்ட பிறகு யாரும் என்னிடம் கேட்டதில்லை.

மரபணுவிலிருந்து புரதம் வருவதை மனப்பாடம் செய்துவிட்டேன். ஆனால் பிடிபடவில்லை. என்ன செய்வது?

கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் தளத்துக்குப் போங்கள். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002இல் தொடங்கியது. பெரும்பாலும் இயற்பியலுக்காக அறியப்பட்ட தளம், ஆனால் மரபணு வெளிப்பாடு பற்றிய சிமுலேஷன் ஒன்று அங்கே இருக்கிறது. அதில் மூன்று திரைகள்.

முதல் திரை கைவேலை. படியெடுத்தல் காரணிகள், பாலிமரேஸ், ரைபோசோம், ஆர்என்ஏவைச் சிதைக்கும் நொதி எல்லாம் ஓரத்தில் இருக்கும். இழுத்து வைத்து, ஒரு புரதத்தை உருவாக்கி, பெட்டியில் சேர்க்க வேண்டும். வரிசை தப்பினால் நடக்காது. படியெடுத்தலுக்கும் (டிஎன்ஏவிலிருந்து ஆர்என்ஏ) மொழிபெயர்த்தலுக்கும் (ஆர்என்ஏவிலிருந்து புரதம்) குழம்புகிறவர்கள் இந்தத் திரையில் மூன்று புரதங்களையும் செய்து முடித்தால் குழப்பம் தெளிந்துவிடும்.

இரண்டாம் திரையில் நீங்கள் எதையும் இழுப்பதில்லை. காரணிகள் எத்தனை இருக்க வேண்டும், எவ்வளவு இறுக்கமாக ஒட்ட வேண்டும் என்று ஸ்லைடரில் வைத்துவிட்டு, எத்தனை தூது ஆர்என்ஏ உருவாகிறது என்று கவனிப்பது. இங்கே ஒரு கேள்வியை எழுதிவிட்டுத் தொடங்குங்கள்: தடுக்கும் காரணி நிறைய இருந்து, ஆனால் டிஎன்ஏவில் ஒட்டவே ஒட்டாது என்றால் மரபணு நிற்குமா, ஓடுமா?

எனக்கு மிகப் பிடித்தது மூன்றாம் திரை. பலர் அதுவரை போவதே இல்லை. அங்கே ஒரு செல்லோ பல செல்களோ வைக்கலாம், புரதத்தின் அளவு நேரத்தோடு எப்படி மாறுகிறது என்று ஒரு கோடு வரையும். ஒரே ஒரு செல்லை வைத்துப் பாருங்கள். கோடு மேலும் கீழுமாக அலைபாயும். செல்களைக் கூட்டிக்கொண்டே போனால் கோடு சமன்படும். ஸ்லைடர் எதையும் நீங்கள் தொடவில்லை, ஒரே மரபணு, ஒரே நிலைமை. பிறகு ஏன் ஒரு செல்லில் இவ்வளவு ஆட்டம்? மூலக்கூறுகள் எண்ணிக்கையில் குறைவு, அவை ஒன்றோடொன்று மோதுவது தற்செயல். புத்தகத்தில் நாம் படிக்கும் ஒழுங்கான அம்புக்குறி, ஆயிரக்கணக்கான செல்களின் சராசரி. 2002இல் மைக்கேல் எலோவிட்சும் அவருடைய குழுவினரும் இதை உண்மையான ஈ.கோலை செல்களில் காட்டினார்கள். ஒரே மாதிரி கட்டுப்படுத்தப்பட்ட இரண்டு ஒளிரும் புரத மரபணுக்களை ஒரே செல்லில் வைத்தார்கள். இரண்டும் எப்போதும் ஒரே அளவில் ஒளிர்ந்திருக்க வேண்டும். ஆனால் சில செல்களில் ஒரு நிறம் தூக்கலாக இருந்தது, சிலவற்றில் இன்னொன்று.

திரையில் தெரிவதை அப்படியே நம்பலாமா?

கூடாது. இந்தப் பயிற்சிகள் மேல் எனக்கு எவ்வளவு பிரியம் இருந்தாலும் இதைச் சொல்லியே ஆக வேண்டும். மூன்று விஷயங்களில் திரை நம்மை ஏமாற்றும்.

படத்தில் செல் காலியாக இருக்கும். உண்மையில் ஈ.கோலையின் உள்ளே ஒரு லிட்டருக்கு 300 முதல் 400 கிராம் வரை புரதம், ஆர்என்ஏ போன்ற பெரிய மூலக்கூறுகள் அடைந்துகிடக்கின்றன. தைப்பூசத்துக்குப் பழனியில் நடக்கிற மாதிரி, இடித்துக்கொண்டுதான் எதுவும் நகர முடியும். படத்தில் மூலக்கூறு தனக்கு வேண்டிய இடம் தெரிந்ததுபோல் நேராகப் போய் உட்காரும். உண்மையில் அதற்கு வழியும் தெரியாது, நோக்கமும் கிடையாது. எல்லாப் பக்கமும் மோதி மோதி, பொருந்தும் இடம் தற்செயலாக வாய்க்கும்போது ஒட்டுகிறது. அப்புறம் வேகம். நன்றாக வளரும் பாக்டீரியாவில் ஒரு ரைபோசோம் வினாடிக்கு 15 முதல் 20 அமினோ அமிலங்களைக் கோத்துவிடும். அந்த வேகத்தில் காட்டினால் நம் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது என்பதால் மெதுவாக்கிக் காட்டுகிறார்கள்.

ஒவ்வொரு பயிற்சியையும் முடித்ததும், "இதில் எது உண்மை இல்லை?" என்று ஒரு வரி எழுதச் சொல்வேன். மாணவர்கள் எழுதும் வரிகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

பிசிஆர் எந்தப் பயிற்சியில் நன்றாகப் புரியும்?

பிசிஆர் என்பது ஒரு டிஎன்ஏ துண்டைச் சுற்றுச் சுற்றாக நகலெடுத்துப் பெருக்கும் முறை. அதே லேர்ன் ஜெனிடிக்ஸ் தளத்தில் அதற்கு ஆய்வகம் ஒன்று இருக்கிறது. பிப்பெட்டை எடுத்து டிஎன்ஏ, பிரைமர் (நகல் தொடங்கும் இடத்தில் ஒட்டும் சிறு துண்டு), நியூக்ளியோடைடு, டிஎன்ஏ பாலிமரேஸ் எல்லாவற்றையும் குழாயில் விட்டு இயந்திரத்தில் வைக்க வேண்டும். 95 டிகிரி செல்சியஸில் இழைகள் பிரிகின்றன, 50 முதல் 60க்குள் பிரைமர் ஒட்டுகிறது, 72இல் பாலிமரேஸ் புதிய இழையை நீட்டுகிறது. அந்தச் சூட்டைத் தாங்கும் டாக் பாலிமரேஸ், அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றில் கண்டெடுக்கப்பட்ட தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்ற பாக்டீரியாவிலிருந்து வந்தது.

ஓடவிடுவதற்கு முன்னால் இதை எழுதுங்கள்: நமக்கு வேண்டிய சரியான நீளத்தில், இரண்டு முனையும் வெட்டினாற்போல் இருக்கும் துண்டு எந்தச் சுற்றில் முதன்முதலாக வரும்? "முதல் சுற்று" என்று எழுதுகிறவர்களே அதிகம். உண்மையில் மூன்றாம் சுற்றில்தான். முதல் சுற்றில் புது இழை பிரைமரில் தொடங்கினாலும் எங்கே நிறுத்துவது என்று அதற்குத் தெரியாது, ஓடிக்கொண்டே போகும். இரண்டாம் சுற்றில், அந்த இழையை அச்சாக வைத்து எதிர்ப்பக்கப் பிரைமர் கட்டும் இழை மட்டும் சரியான நீளத்தில் நிற்கிறது, ஆனால் அதன் ஜோடி இன்னும் நீளம். மூன்றாம் சுற்று முடியும்போது எட்டு மூலக்கூறுகளில் இரண்டு மட்டும் இரு பக்கமும் அளவாக இருக்கும். படம் போட்டுப் பார்க்காமல் இதை வெறும் வார்த்தையில் புரிந்துகொள்வது கடினம். நானே காகிதத்தில் இரண்டு வண்ணப் பென்சிலோடு உட்கார்ந்துதான் தெளிந்தேன். 30 சுற்று தடங்கலின்றி இரட்டித்தால் ஒன்று 107 கோடியாகும். அப்போது அந்த நீளமான துண்டுகள் கணக்கில் தெரியாத அளவுக்குச் சிறுபான்மை ஆகிவிடும்.

வெங்காய வேர் நுனி ஸ்லைடை மைக்ரோஸ்கோப்பில் சரியாகப் பார்க்கவே முடியவில்லை. இணையத்தில் பார்த்தால் ஈடாகுமா?

அரிசோனா பல்கலைக்கழகம் வைத்திருக்கும் பழைய பயிற்சி ஒன்று உண்டு. வெங்காய வேர் நுனியின் 36 செல்களை ஒவ்வொன்றாகக் காட்டி, அது செல் சுழற்சியின் எந்தக் கட்டத்தில் இருக்கிறது, இடைநிலையா, புரோபேஸா, மெட்டாபேஸா என்று வகைப்படுத்தச் சொல்லும். எளிமையான பக்கம், ஆனால் உள்ளே அழகான கணக்கு இருக்கிறது. வெங்காயச் செல் ஒருமுறை சுற்றி முடிக்க 24 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், 36 செல்களில் ஒவ்வொன்றும் 40 நிமிடத்தைக் குறிக்கும். 20 செல்கள் இடைநிலையில் இருந்தால், அந்த நிலைக்கு 800 நிமிடம்.

அசையாத படத்தை வைத்து எப்படி நேரத்தைச் சொல்ல முடியும் என்று மாணவர்கள் தயங்குவார்கள். டீக்கடையை ஒரு புகைப்படம் எடுத்துப் பாருங்கள். பெரும்பாலோர் டீ குடித்துக்கொண்டிருப்பார்கள், ஒருவரோ இருவரோ காசு கொடுத்துக்கொண்டிருப்பார்கள். குடிப்பதற்கு நேரம் அதிகம் ஆகிறது, அவ்வளவுதான். ஆளாளுக்கு வெவ்வேறு நேரத்தில் வந்தால்தான் இந்தக் கணக்கு பொருந்தும். வேர் நுனிச் செல்களும் அப்படித்தான், ஒன்றாகச் சேர்ந்து பிரிவதில்லை.

ஈடாகுமா என்றால், ஆகாது. கவர்கண்ணாடிக்குள் காற்றுக்குமிழி மாட்டுவதும், சாயம் அதிகமாகிவிடுவதும், செல்லைத் தேடித் தேடி ஃபோகஸ் பிடிப்பதும் கைக்குத் தெரிய வேண்டிய வேலைகள். ஆய்வகத்துக்கு முந்தின நாள் திரையில் செய்துவிட்டு வந்தால், ஸ்லைடில் எதைத் தேடுவது என்று கண்ணுக்குத் தெரிந்திருக்கும்.

வீட்டில் செய்யக்கூடியது ஒன்று: கனிந்த வாழைப்பழத்தைக் கொஞ்சம் தண்ணீர், உப்பு, பாத்திரம் கழுவும் திரவம் சேர்த்துப் பிசைந்து வடிகட்டுங்கள். ஃபிரிட்ஜில் நன்றாகக் குளிரவைத்த சர்ஜிகல் ஸ்பிரிட்டை டம்ளரின் ஓரமாக மெல்ல ஊற்றுங்கள். இரண்டும் சேரும் இடத்தில் வெள்ளை இழைகளாக மிதந்து வருவதில் டிஎன்ஏ இருக்கிறது. ஸ்பிரிட் தீப்பற்றும், அதனால் அடுப்புப் பக்கம் வேண்டாம்.

காசு கட்ட வேண்டுமா? போனில் ஓடுமா?

இங்கே நான் பெயர் சொல்லும் தளங்கள் எல்லாமே இலவசம். ஃபெட் சிமுலேஷன்களை ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாமலும் ஓடும். ஆசிரியர்கள் பென்டிரைவில் போட்டு வகுப்புக்கே கொடுக்கலாம். போனிலும் ஓடும், ஆனால் மூலக்கூறுகளை இழுத்து வைக்கும் பயிற்சிகளுக்குக் கொஞ்சம் பெரிய திரை இருந்தால் நல்லது.

பழைய பக்கங்கள் சில திறப்பதே இல்லையே?

அவை ஃபிளாஷில் செய்தவையாக இருக்கும். 2020 டிசம்பர் 31உடன் அடோபி அதற்கு ஆதரவை நிறுத்திவிட்டது. நல்ல பயிற்சிகள் பல அதோடு போயின, எனக்கு அதில் வருத்தம் உண்டு. அதே தளத்தில் புதுப்பித்த வடிவம் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கிறது. தமிழ்வழி மாணவர்கள் என்ன செய்வது?

ஃபெட்டில் சில சிமுலேஷன்கள் தமிழில் கிடைக்கும். மற்றவற்றுக்கு நான் செய்வது இதுதான்: பயிற்சியில் வரும் பதினைந்து, இருபது சொற்களை மட்டும் ஒரு தாளில் இரு மொழியிலும் எழுதிக் கையில் கொடுத்துவிடுவேன். படியெடுத்தல், மொழிபெயர்த்தல், நொதி, சவ்வு, உட்கரு என்று. படமும் அசைவும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். கணிப்பைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள், அதில் சமரசம் வேண்டாம். தெரிந்த மொழியில் தப்புச் செய்தால்தான் எங்கே தப்பு என்று தெரியும்.

இலங்கை நண்பர்களுடைய தமிழ்ப் பாடநூல்களில் செல் என்பது கலம், மைட்டோகாண்டிரியா என்பது இழைமணி, மைட்டாசிஸ் என்பது இழையுருப்பிரிவு. நூலைப் போன்ற உருக்கள் பிரிவது என்பதை அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது. அவற்றையும் அந்தத் தாளில் சேர்த்துக்கொள்கிறேன்.

பிள்ளை படிக்கிறாளா, விளையாடுகிறாளா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நோட்டைக் கேளுங்கள். கணிப்பு, நடந்தது, ஏன் என்று மூன்று வரி இருந்தால் படிக்கிறாள். கணிப்புகள் நிறையத் தப்பாக இருந்தால் கோபப்படாதீர்கள், நேர்மையாக எழுதியிருக்கிறாள் என்று அர்த்தம்.

மூலக்கூறுகளை முப்பரிமாணத்தில் சுற்றிப் பார்க்க முடியுமா?

முடியும். 1971இல் ஏழு புரத அமைப்புகளோடு தொடங்கிய புரோட்டீன் டேட்டா பேங்கில் இன்று இரண்டு லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன. பிரவுசரிலேயே திருப்பி, பெரிதாக்கிப் பார்க்கலாம். எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்களுக்காக, 2000ஆம் ஆண்டிலிருந்து மாதம் ஒரு மூலக்கூறை எடுத்து விளக்கும் பகுதியும் அங்கே இருக்கிறது.

முதலில் ஹீமோகுளோபினைத் திறந்து, பீட்டா சங்கிலியின் ஆறாவது அமினோ அமிலத்தைத் தேடுங்கள். மூலக்கூறின் வெளிப்பக்கத்தில், தண்ணீரைப் பார்த்தபடி ஒரு குளூட்டாமிக் அமிலம் இருக்கும். அரிவாள் செல் சோகையில் அந்த இடத்தில் வேலின் வந்துவிடுகிறது. வேலினுக்குத் தண்ணீர் ஆகாது. பக்கத்து ஹீமோகுளோபினின் ஒரு குழியில் போய்ச் செருகிக்கொள்கிறது, அது இன்னொன்றோடு, இப்படியே நீண்ட இழையாகிச் செல்லை வளைத்துவிடுகிறது. ஒரே ஒரு எழுத்து மாற்றம் என்று படித்ததை, அந்த இடத்தைக் கண்ணால் பார்த்த பிறகு மறக்க முடியாது.

அடுத்து ரைபோசோமின் சிறு துணையலகு. சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனின் குழு, தெர்மஸ் தெர்மோஃபிலஸ் என்ற பாக்டீரியாவிலிருந்து எடுத்து 2000இல் வெளியிட்டது. 2009 வேதியியல் நோபலை அவர் தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் ஆகியோருடன் பகிர்ந்துகொண்டதும் ரைபோசோம் ஆய்வுக்காகத்தான். ஆர்என்ஏவையும் புரதத்தையும் வேறுவேறு வண்ணத்தில் போட்டுப் பாருங்கள், எது அதிகம் என்று முன்பே எழுதிவிட்டு.

அந்தப் பக்கங்களில் அமைப்பின் தரத்தைச் சொல்லும் வண்ணப் பட்டைகள் இருக்கும். ஒன்றில் "ராமச்சந்திரன்" என்ற பெயர் வரும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன் (மேலே சொன்ன ரைபோசோம் ராமகிருஷ்ணன் அல்ல, வேறொருவர்), சசிசேகரன் ஆகிய மூவரும் 1963இல் வெளியிட்ட வரைபடம் அது. புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்ப முடியும், எதில் திரும்பினால் அணுக்கள் ஒன்றையொன்று இடிக்கும் என்று காட்டுவது. உலகின் எந்த மூலையில் ஒரு புரத அமைப்பைக் கண்டுபிடித்தாலும், கிண்டியில் பிறந்த இந்தச் சோதனையைத் தாண்டித்தான் வர வேண்டும். அந்தப் பட்டையைச் சுட்டிக்காட்டும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடும்.

கல்லூரிக்கு வந்துவிட்டேன். சிமுலேஷன் எல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கானதாகத் தோன்றுகிறது. அடுத்து என்ன?

உண்மையான தரவைத் தொடுங்கள். புரதங்களின் அமினோ அமில வரிசைகளைத் தொகுத்து வைத்திருக்கும், ஆராய்ச்சியாளர்கள் தினமும் பயன்படுத்தும் யூனிப்ராட் தளம் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. அங்கே மனித இன்சுலின், பன்றி இன்சுலின் இரண்டையும் எடுத்து, பக்கம் பக்கமாக ஒப்பிடும் கருவியில் போடுங்கள். மரபணு மாற்றிய பாக்டீரியாவில் செய்த மனித இன்சுலினுக்கு 1982இல் அனுமதி கிடைக்கும்வரை, நீரிழிவு நோயாளிகள் பன்றி, மாட்டு இன்சுலினைத்தான் போட்டுக்கொண்டார்கள். அப்படியானால் எத்தனை எழுத்து வேறுபடும்? எழுதிவிட்டு ஒப்பிடுங்கள்.

பன்றி இன்சுலின் ஒரே ஒரு அமினோ அமிலத்தில் மட்டும் மாறும் என்று படித்திருப்பீர்கள். ஆனால் திரையில் அதைவிட அதிகமான வேறுபாடுகள் தெரியும். இங்கே பலர் தளத்தில்தான் தப்பு என்று நினைத்துவிடுகிறார்கள். தளம் காட்டுவது முழு முன்னோடிப் புரதம், மனிதனில் 110 அமினோ அமிலங்கள். முதல் 24 வழிகாட்டும் வால், வேலை முடிந்ததும் வெட்டப்படும். 25 முதல் 54 வரை பி சங்கிலி, 90 முதல் 110 வரை ஏ சங்கிலி. இடையில் இருக்கும் சி பெப்டைடும் வெட்டி நீக்கப்படுகிறது. மிஞ்சும் 51தான் இன்சுலின். இப்போது வேறுபாடுகளை அந்தப் பகுதிகளாகப் பிரித்து எண்ணுங்கள். பி சங்கிலியின் கடைசி எழுத்தில் ஒன்று, மனிதனில் திரியோனின், பன்றியில் அலனின். ஏ சங்கிலியில் ஒன்றும் இல்லை. மற்றவை எல்லாம் வெட்டி எறியப்படும் பகுதிகளில் இருக்கும். ஏற்பியில் பொருந்த வேண்டிய பகுதியில் மாற்றம் வந்தால் அந்த விலங்குக்கு ஆபத்து. வெட்டிப் போகும் பகுதியில் மாறினால் பெரும்பாலும் யாருக்கும் நட்டமில்லை, அதனால் அங்கே மாற்றங்கள் தங்கிவிடுகின்றன.

மாட்டு இன்சுலினையும் சேர்த்துப் போடுங்கள். 51இல் மூன்று வேறுபடும். அந்த மூன்றும் எந்தச் சங்கிலியில், எந்த இடத்தில் என்பதை நீங்களே எண்ணிக் கண்டுபிடியுங்கள்.